தாரிடாத பாதை

சாலை என்றதும் கரிய தார்ச்சாலைதான் இன்று நம் கண்முன் வந்து நிற்கிறது. மண்சாலையும் சரளைச் சாலையும் இன்னும் முன்னேறாத ஊர்களின் அடையாளம் என்றே எண்ணப் பழகிவிட்டோம். ஆனால், செல்வமும் பொறியியல் திறனும் நிறைந்த ஒரு நாட்டில், ‘எங்கள் சரளைச் சாலைகளை அப்படியே விட்டு வையுங்கள்’ என்று கேட்டு ஒரு சிறு கூட்டம் புறப்பட்டது. அவர்கள் மறியல் செய்யவில்லை; முழக்கம் எழுப்பவில்லை. பரணில் கிடந்த பழைய மிதிவண்டிகளைத் துடைத்து எண்ணெயிட்டு, அந்தச் சாலைகளில் ஏறி மிதித்துச் சென்றார்கள். அவ்வளவுதான். அந்தப் பயணத்தால் ஒரு வட்டாரத்தின் பழைய பாதைகள் உலகப் புகழ் பெற்றன. இந்த வாரம் அந்தப் பாதைகளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

வெள்ளைச் சாலைகள்

இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ளது தஸ்கனி மாநிலம். அதன் தலைநகர் பிளாரன்ஸ்; தெற்கே சற்றுத் தொலைவில் சியனா என்னும் பழம்பெரும் நகரம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குன்றுப் பகுதிக்குக் கியாந்தி என்று பெயர். இக்குன்றுகள் உயரத்தில் நம் கொல்லிமலைக்கோ சேர்வராயன் மலைக்கோ ஈடாகமாட்டா. ஆனால் கடல் அலைபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஏறி முடித்தோம் என்று மூச்சுவிடுவதற்குள் இறக்கம். இறங்கி முடித்ததும் அடுத்த ஏற்றம். சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும். மேட்டின் உச்சியில் ஒரு கல்வீடு. அந்த வீட்டுக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் காவலர் வரிசைபோல் நெடிதுயர்ந்த சைப்பிரஸ் மரங்கள்.

அந்தப் பாதைகளைத்தான் அவ்வூரார் ‘ஸ்ட்ராதே பியாங்கே’ என்கிறார்கள். ‘வெள்ளைச் சாலைகள்’ என்பது பொருள். அம்மண்ணில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பிய சாலைகள் ஆதலால், வெயிலில் அவை வெளுத்துத் தெரிகின்றன. கோடையில் ஒரு வண்டி போனால் பின்னால் வெண்புழுதி மேகமாக எழும். மழை பெய்தால் அதே புழுதி குழம்பாகிச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும்.

இத்தனை சாலைகள் எதற்காக அமைந்தன? அதற்கு அந்நாட்டு வேளாண்மையை அறிய வேண்டும். அங்கே பல நூற்றாண்டுகளாக வாரச் சாகுபடி முறை நிலவியது. நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, விளைச்சலை இருவரும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வர். நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஏற்பாடு இது. உழவர் குடும்பம் ஊருக்குள் வசிக்காமல், தான் உழும் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டி வாழ்ந்தது. ஆகவே, ஒவ்வொரு குன்றின் மேலும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாதை. ஆலைக்கும் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் அவர்கள் நடந்த நடையே இந்த வலைப்பின்னலை உருவாக்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலைகள் பெருகின. இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். 1964இல் இயற்றப்பட்ட சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. அதற்குள்ளாகவே பல கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆள் நடமாட்டம் குறைந்த சாலைகளில் புல் முளைத்தது. போக்குவரத்து மிகுந்த சாலைகளுக்குத் தார் வந்தது. இப்படியாக, வெள்ளைச் சாலைக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. பயன்பட்டால் தார் வந்து மூடும். பயன்படாவிட்டால் புதர் வந்து மூடும்.

தொண்ணூற்றிரண்டு பேர்

இந்நிலையில்தான் 1997ஆம் ஆண்டு, கியாந்திப் பகுதியில் காயோலே என்ற சிற்றூரிலிருந்து ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவரின் முயற்சியால் ஒரு மிதிவண்டிப் பயணம் புறப்பட்டது. கலந்துகொண்டவர்கள் 92 பேர். அதற்கு ‘லெரோயிக்கா’ என்று பெயரிட்டனர். வீரம் நிறைந்தது என்று அதற்குப் பொருள். வெள்ளைச் சாலைகள் அழியாமல் காக்கப்பட வேண்டும் என்பதும், பழங்கால மிதிவண்டி வீரர்களின் உழைப்பை இக்காலத்தவர் உடலால் உணர வேண்டும் என்பதும் அதன் நோக்கங்கள்.

இன்று ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அச்சிற்றூரில் கூடுகின்றனர். 46 கிலோமீட்டரிலிருந்து 209 கிலோமீட்டர் வரை வெவ்வேறு வழிகள் உள்ளன. நீண்ட வழியில் ஏறத்தாழப் பாதித் தொலைவு சரளை. ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 3,500 மீட்டருக்கும் மேல் வரும். நம் தொட்டபெட்டாவின் உயரத்தைவிட இது மிகுதி என்றால் அந்த உழைப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நியமம் உண்டு. 1987ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வகைப் பந்தய மிதிவண்டியில்தான் வரவேண்டும். இரும்புச் சட்டம், சட்டத்தின் கீழ்க்குழாயில் பொருத்திய கியர் நெம்புகோல், வார்பட்டையுள்ள மிதிகட்டை, கைப்பிடிக்கு வெளியே வளைந்து தெரியும் பிரேக் கம்பி ஆகியவை இருந்தாக வேண்டும். உடையும் பழைய காலத்துக் கம்பளிச் சட்டை. பணம் கொடுத்து இலகுவான புது வண்டி வாங்கி, வசதியாக முந்திச் செல்ல அங்கே இடமில்லை. கோடீசுவரரும் கொல்லரும் ஒரே எடையைச் சுமந்துதான் மேடு ஏற வேண்டும்.

நீண்ட வழியில் செல்வோர் இருள் விலகுமுன்பே புறப்படுகின்றனர். முதல் பெரிய ஏற்றம் ப்ரோலியோ கோட்டைக்குச் செல்லும் சரளைச் சாலை. மரங்களுக்கிடையே சாலையோரத்தில் வரிசையாகச் சிறு விளக்குகளை ஏற்றி வைத்திருப்பார்கள். அவ்வொளியில், சரளை நொறுங்கும் ஓசையும் மூச்சு வாங்கும் ஓசையும் தவிர வேறொன்றும் கேட்காமல் மேலே ஏறுவார்களாம். வழியில் குறித்த இடங்களில் கையேட்டில் முத்திரை பெற வேண்டும். அங்கேயே உணவும் உண்டு. ‘ரிபொல்லீத்தா’ என்ற ஒரு கூழை ஊற்றிக் கொடுப்பார்கள். பழைய ரொட்டி, வெள்ளைப் பயறு, கீரை இவற்றைச் சேர்த்து மீண்டும் கொதிக்கவைத்த உழவர் வீட்டு உணவு அது. ‘மறுபடி கொதித்தது’ என்பதே அப்பெயரின் பொருள். முதல்நாள் மிச்சத்தை வீணாக்காத வறியவர்களின் சமையல். நீராகாரம் அருந்தி வளர்ந்த தலைமுறைக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இப்பகுதிக்கு யாத்திரைத் தொடர்பும் உண்டு. இங்கிலாந்தின் காண்டர்பரியிலிருந்து ரோமாபுரிக்குச் செல்லும் பழைய யாத்திரைப் பாதை சியனா வழியாகத்தான் செல்கிறது. சிஜெரிக் என்ற பேராயர் 990ஆம் ஆண்டில் ரோமிலிருந்து திரும்பும்போது தாம் தங்கிய 79 இடங்களைக் குறித்து வைத்தார். அக்குறிப்பைக் கொண்டே இன்று அப்பாதையை அடையாளம் காண்கின்றனர். இன்றும் நடந்தும் மிதிவண்டியிலும் யாத்திரிகர் அவ்வழியே போகின்றனர்.

சட்டத்துக்குள் ஒளிந்த கடிதங்கள்

பழைய வீரர்களைப் போற்றுவது இப்பயணத்தின் நோக்கம் என்றேன். அவ்வீரர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவர் பெயர் ஜீனோ பார்த்தாலி. பிளாரன்ஸ் நகரை ஒட்டிய ஒரு சிற்றூரில் 1914இல் பிறந்தவர். உலகின் மிகக் கடினமான மிதிவண்டிப் போட்டியாகிய பிரான்ஸ் சுற்றுப் போட்டியை 1938இலும், பத்து ஆண்டுகள் கழித்து 1948இலும் வென்றவர். அவர் காலத்தில் இத்தாலியின் மலைச்சாலைகள் பெரும்பாலும் சரளைதான். ஆழ்ந்த இறைப்பற்று உடையவர் ஆதலால், ‘பக்திமான் ஜீனோ’ என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

அந்த இரு வெற்றிகளுக்கும் இடையில் போர் வந்தது. 1943இல் ஜெர்மானியப் படை இத்தாலியை ஆக்கிரமித்து, யூதர்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியது. பிளாரன்ஸ் பேராயர் எலியா தல்லா கோஸ்தா ரகசியமாக ஒரு மீட்புப் பணியை ஏற்படுத்தினார். அதில் பார்த்தாலி இணைந்தார். புகைப்படங்களையும் போலி அடையாளச் சான்றுகளையும் மிதிவண்டியின் குழாய்களுக்குள் சுருட்டி வைத்து, பயிற்சிக்குப் போகிறவர்போல் பிளாரன்சுக்கும் புனித பிரான்சிஸ் பிறந்த அசீசி நகருக்கும் இடையே குன்றுகளைக் கடந்து மிதித்தார். அசீசியில் ஒரு தந்தையும் மகனும் தம் அச்சகத்தில் அச்சான்றுகளை அச்சிட்டனர். இடையில் சிப்பாய்கள் நிறுத்தினால், வண்டியைத் தொடவேண்டாம், அது பந்தயத்துக்காக நுட்பமாகச் சரிசெய்யப்பட்டது என்பாராம். அவர் முகம் நாடறிந்தது, அதனால் விட்டுவிடுவார்கள்.

இதை அவர் வெளியில் பேசியதில்லை. நல்ல செயலைச் செய்தபின் அதை விளம்பரப்படுத்தலாகாது என்பது அவர் கொள்கை. 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2013இல் இஸ்ரேலின் யாத் வாஷேம் நிறுவனம், உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காத்த பிற சமயத்தவர்க்கு அளிக்கும் உயர்ந்த சிறப்பை அவர் பெயருக்கு வழங்கியது. வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலுள்ள கிசாலோ குன்றில் மாதா கோயில் ஒன்று உண்டு. 1949இல் அந்த மாதாவை மிதிவண்டி ஓட்டுவோரின் காவல் தெய்வமாகப் போப்பாண்டவர் அறிவித்தார். வீரர்கள் காணிக்கையாக அளித்த மிதிவண்டிகள் அங்கே சுவர்களில் தொங்குகின்றன. பார்த்தாலியின் வண்டியும் அவற்றுள் ஒன்று. வேண்டுதல் நிறைவேறியபின் பொருளைச் சந்நிதியில் சேர்க்கும் வழக்கம் எல்லா மக்களுக்கும் பொதுவானது போலும்.

சரளையில் செல்லும் முறை

2007 முதல் தொழில்முறை வீரர்களுக்கான போட்டியும் நடைபெறுகிறது; இப்போது அதற்கு ‘ஸ்ட்ராதே பியாங்கே’ என்றே பெயர். அதன் கடைசி ஏற்றம் சியனா நகரின் புனித கத்தரீனா தெருவில். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்துறவியின் இல்லம் அங்கேதான் வழிபாட்டிடமாகப் போற்றப்படுகிறது. செங்குத்தான அத்தெருவில் உலகப் புகழ்பெற்ற வீரர்களும் தலை கவிழ்ந்து, மெல்லத்தான் ஏறுகிறார்கள்.

அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்துக் கல்குன்றுகளில் 2006இல் 34 பேருடன் தொடங்கிய 200 மைல் பயணம் இன்று பெரும் போட்டியாகியுள்ளது. 2022இல் சரளைச் சாலைக்கென்றே முதல் உலகச் சாம்பியன் போட்டி இத்தாலியில் நடந்தது. இதற்கெனத் தனி வகை மிதிவண்டியும் வந்துவிட்டது. ‘கிராவல் பைக்’ என்று கடைகளில் கேட்டால் நம் நகரங்களிலும் காட்டுவார்கள். பந்தய வண்டிபோல வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் அகலம் 35 மில்லிமீட்டருக்கு மேல், காற்றழுத்தமும் குறைவு. காற்று குறைவாக இருந்தால் டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதன்மீது படிந்து செல்லும். ஏற்றத்துக்கென்று மிகத் தளர்வான கியர்களும் உண்டு.

ஆனால் சரளையில் செல்லும் கலைக்குப் புதிய வண்டியைவிடப் பழகிய உடல்தான் முக்கியம். இதை நான் கற்றது வங்கிப் பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில். மலையடிவாரக் கிராமக் கிளை ஒன்றில் இருந்தேன். கிணற்றுக் கடன், கறவை மாட்டுக் கடன் இவற்றைப் பார்வையிட, பேருந்து போகாத ஊர்களுக்குச் சைக்கிளில் போகவேண்டும். ஒன்பது கிலோமீட்டர், மேடும் பள்ளமுமான சரளைப் பாதை. என்னுடன் வந்த உழவர் ஒருவர், நான் கைப்பிடியை இறுகப் பற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, “கையைத் தளர்த்துங்க சார். மாட்டை ரொம்ப இழுத்துப் பிடிச்சா அது முரண்டு பண்ணுமில்ல? வண்டியும் அப்படித்தான். அது போற போக்குல விட்டு, நீங்க தூரத்தைப் பாருங்க” என்றார். இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்தாமல் பின்பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பது, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காமல் அமர்ந்தே மிதிப்பது ஆகியவற்றையும் அவரே சொன்னார். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, அது சரளையில் வழுக்கிச் சுழலும். கையைத் தளர்த்துவது, தூரத்தைப் பார்ப்பது, ஏற்றத்தில் அமர்ந்தே மிதிப்பது ஆகியவற்றை இன்றைய பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள்.

யாருடைய சாலை?

அந்த ஒன்பது கிலோமீட்டரை நினைக்கும்போதே, இவ்விஷயத்தின் மறுபக்கமும் நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் அவ்வழியில் ஓடை குறுக்கிட்டால் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். நான் மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டில் அச்சாலைக்குத் தார் போட்டுப் பேருந்தும் விட்டார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். அங்கே போய், ‘இந்தப் பாதையின் அழகு கெட்டுவிட்டது’ என்று ஒருவர் வருந்துவாரானால் அதைவிடக் கொடுமை வேறில்லை. மிதிவண்டியில் ஒரு நாள் வந்து போகிறவருக்குப் புழுதி ஓர் அனுபவம். அங்கேயே வாழ்கிறவருக்கு அது காயப்போட்ட துணியிலும் உலையிலும் குழந்தையின் நெஞ்சிலும் படிவது.

அப்படியானால் தஸ்கனியில் நடப்பது வசதி படைத்தோர் விளையாட்டா? அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. அங்கே ஊரையும் ஊரையும் இணைக்கும் தார்ச்சாலைகள் வேண்டிய அளவு உள்ளன. பேருந்தும் ஆம்புலன்ஸும் அவற்றில் போகின்றன. வெள்ளைச் சாலைகள் அவற்றுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் பண்ணை வழிகள். தேவைக்கு ஒரு சாலை இருக்கும்போது, பழைய வழியையும் ஏன் அதே அச்சில் வார்க்க வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி.

மேலும், பேணப்படும் சரளைச் சாலையும் கைவிடப்பட்ட கரட்டுச் சாலையும் ஒன்றல்ல. நல்ல சரளைச் சாலைக்கு நடுமுதுகு சற்று உயர்ந்து, தண்ணீர் இருபுறமும் வழிய வேண்டும். ஓரக் கால்வாயில் மண் அடைபடக் கூடாது. வேகமாகச் செல்லும் வாகனங்களால் அலை அலையாகத் திரளும் பரப்பை அவ்வப்போது மட்டம் செய்து, சரளை சேர்த்து அழுத்த வேண்டும். வங்கிக் கணக்கில் சொன்னால், தார்ச்சாலைக்கு முதலீடு பெரிது. சரளைச் சாலைக்கு முதலீடு சிறிது, ஆனால் ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய தவணை உண்டு. அத்தவணையைச் செலுத்த ஆள் இல்லாத இடத்தில் சரளையின் அழகைப் பேசுவது வெறும் பேச்சு. கியாந்தியில் அந்த ஆட்களைக் கொண்டு வந்தது அந்த மிதிவண்டிப் பயணம். 209 கிலோமீட்டர் வழி முழுவதும் நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஆண்டின் எந்த நாளிலும் யாரும் போகலாம். போகிறவர்கள் தங்குகிறார்கள்; உண்கிறார்கள். அந்தப் பாதை ஊராருக்குப் பயன் தருவதால் அதைப் பேணவும் காரணம் இருக்கிறது.

நமக்கு இது புதிதும் அன்று. பழநியில் விஞ்சும் ரோப்காரும் உள்ளன. முதியோரும் நோயுற்றோரும் முருகனைக் காண அவை பெரும் உதவி. அவை வந்தபின்னும் படிப்பாதையும் யானைப்பாதையும் மூடப்படவில்லை. முடிந்தவர் ஏறுகிறார், முடியாதவரைச் சுமந்து செல்ல வேறு வழி இருக்கிறது. இரண்டில் எதையும் எதற்காகவும் இழக்கவில்லை. ஒரு வழியைப் போடும்போது மற்றொன்றை அழிக்காமல் இருக்கும் இந்த நிதானம், சாலை போடுகிற எல்லா இடத்திலும் வேண்டும்.

அன்பர்கள் பலரின் சொந்த ஊர்களில் வயல் நடுவேயோ குன்றைச் சுற்றியோ இப்படி ஒரு பழைய வழி இருக்கும். பெரிய சாலை வந்தபின் யாரும் அதில் போவதில்லை என்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, காலை இளவெயிலில் அவ்வழியே நடந்தோ சைக்கிளிலோ ஒரு முறை போய் வாருங்கள். அறுபதைக் கடந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தண்ணீரும் காற்றடிக்கும் பம்பும் துணைக்கு ஓர் ஆளும் வைத்துக்கொள்வது நல்லது. இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதில் மதிப்புக் குறைவு எதுவும் இல்லை. வழியில் முள் கிடந்தால் ஓரமாக எடுத்துப் போடுங்கள்; கால்வாய் அடைத்திருந்தால் ஊரில் நாலு பேரிடம் சொல்லுங்கள். நாலு பேர் நடக்கும் வழியில் புல் முளைப்பதில்லை.